தியேட்டரில் கசியும் மயக்க வாயு: மூக்கை நம்பாதீர்கள்

"வாசனையே வரலியே, அப்புறம் எங்கே கசிவு?" ஆபரேஷன் தியேட்டரில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. முதல் தவறே இதுதான். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1977-இல் ஹாலோத்தேன் வகை மயக்க மருந்துகளுக்குப் பரிந்துரைத்த உச்ச அளவு, காற்றில் பத்து லட்சத்துக்கு 2 பங்கு. மயக்கத்துக்குத் தரும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடுக்கு, அதைக் கொடுக்கும் நேரத்தின் சராசரியாக 25. மருந்து மூக்குக்கு எட்டும்போது அந்த அளவு எப்போதோ தாண்டியிருக்கும். மதியத்துக்கு மேல் வரும் தலைவலியையும் அசதியையும் "இன்னைக்கு ஆபரேஷன் ஜாஸ்தி" என்று ஒதுக்கிவிடுகிறோம். நைட்ரஸ் ஆக்சைடு உடம்பிலுள்ள பி12 வைட்டமினைச் செயலிழக்க வைக்கும். தியேட்டரில் கர்ப்பிணிகள் இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

அதிகம் கசிவது நம் கை வழியாகத்தான். திரவ மயக்க மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசரை நிரப்புவதையே பாருங்கள். இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே அவசரமாகப் பாட்டிலைக் கவிழ்க்கிறோம், அடாப்டர் சரியாக உட்காரவில்லை, நாலு சொட்டு மேசையில் விழுகிறது. செவோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து 1 மி.லி. ஆவியானால் ஏறக்குறைய 180 மி.லி. வாயு! அந்த மருந்துக்கே உரிய அடாப்டரை இறுக்கிப் பொருத்தி, அறையில் ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில் நிரப்புங்கள்.

அடுத்தது நோயாளியின் மூச்சுக்குழாயில் டியூப் போடும் நேரம். மாஸ்க்கை முகத்திலிருந்து எடுத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுக்கிறோம். வேப்பரைசரும் திறந்திருக்கிறது, மெஷினிலிருந்து வாயு வரும் ஃப்ளோவும் ஓடுகிறது. குனிந்திருப்பவர் முகத்துக்கு நேராக வாயு கொட்டிக்கொண்டே இருக்கும். மாஸ்க்கை எடுக்கும் முன் ஃப்ளோவை மூடுங்கள். ஒரு விநாடி வேலை. குழந்தைகளுக்கு மாஸ்க் வழியாக மயக்கம் கொடுக்கும்போதும், சரியான அளவு மாஸ்க்கைத் தேடி எடுக்கச் சோம்பல் படக் கூடாது.

மிச்ச வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஸ்கேவெஞ்சிங் குழாய் மாட்டியிருக்கிறது என்பதோடு திருப்தி அடைவது இன்னொரு தவறு. உறிஞ்சும் இணைப்பு திறந்திருக்கிறதா, குழாய் மெஷின் சக்கரத்தடியில் நசுங்கிக் கிடக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். வாயுவின் அளவைக் காட்டும் கேஸ் அனலைசர் கருவி பரிசோதிக்க இழுக்கும் மாதிரி வாயு பின்பக்கத் துளை வழியாக அறைக்குள்ளேயே போவதைப் பலர் கவனிப்பதில்லை. அதையும் ஸ்கேவெஞ்சிங்கில் சேர்த்துவிடுங்கள்.

சர்ஜிக்கல் மாஸ்க்கோ என்95-ஓ வாயுவைத் தடுக்காது. உள்காற்றையே சுற்றவிடும் ஏசி அறையைக் குளிர்விக்கும், வாயுவை வெளியேற்றாது.

ரெகவரி அறையை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆபரேஷன் முடிந்தபின்பும் நோயாளி மருந்தை மூச்சோடு வெளியே விட்டுக்கொண்டுதான் இருப்பார். அங்கே ஸ்கேவெஞ்சிங் கிடையாது. நர்ஸ் அவர் முகத்தருகே குனிந்து "கண்ணைத் திறங்க, பேர் சொல்லுங்க" என்று பேசும்போது அந்த மூச்சு நேரே நர்ஸின் முகத்தில் படுகிறது. டியூபை எடுக்கும் முன் சில நிமிடம் 100% ஆக்சிஜன் கொடுத்தால், நர்ஸ் சுவாசிக்கும் வாயு அந்த அளவுக்குக் குறையும்.