ஈயம் உருக்கித் தூண்டில் குண்டு வார்ப்பது எப்படி (மலைநாட்டு ஈரத்தில் செய்பவர்களுக்கு)

காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களில் தூண்டில் போடுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அடியில் கல்லும் கட்டையும் அவ்வளவு கிடக்கிறது, குண்டு மாட்டினால் தங்கூசியோடு (தூண்டில் நரம்போடு) போய்விடும். ஒவ்வொரு முறையும் கடையில் வாங்கிக் கட்டாது. ஈயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும், சின்ன காஸ் அடுப்பே போதும். வேலை லேசுதான். ஆனால் நம்ம ஊரில் ஈரம் என்று ஒன்று இருக்கிறது, அதை மட்டும் சரியாகக் கவனித்தால் மீதி எல்லாம் தானாக நடக்கும். வெயில் ஊர்க்காரர்களின் வீடியோக்களில் இதைப் பற்றி ஒரு வரிதான் வரும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். லயத்துக் காம்பராவுக்குள் (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்குள்) வேண்டாம், இஸ்தோப்பிலும் (முன் திண்ணையிலும்) வேண்டாம், குசினியில் வேண்டவே வேண்டாம். பழைய லயங்களில் தடுப்புச் சுவர் கூரை வரை போவதில்லை, உங்கள் அடுப்புப் புகை பக்கத்து வீட்டுப் பிள்ளை மேல்தான் இறங்கும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயம் கொஞ்சம்கூட ஆகாது, இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே இல்லை. மழையில்லாத நாளில், வெளியே, காற்று முதுகுப் பக்கம் இருந்து வரும்படி நின்று செய்யுங்கள். தகரக் கொட்டிலுக்குக் கீழே செய்வதாக இருந்தால் தலையை நிமிர்த்தி ஒருதரம் பாருங்கள். பனி விழுந்த காலையில் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளி வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும், வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகச் சொட்டும். அது உங்கள் சட்டிக்கு மேலே நடக்கக் கூடாது.

சட்டி கனத்த இரும்பாக இருக்க வேண்டும். அலுமினியச் சட்டி வேண்டாம், சூட்டில் பலம் இழந்து கைபிடியோடு கழன்று வந்தால் உருகிய ஈயம் காலில்தான் விழும். ஒருதரம் ஈயம் போட்ட சட்டியும் கரண்டியும் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது, கைபிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியாக வையுங்கள். விறகடுப்பு எனக்குப் பிடிக்காது. தேயிலைக் கட்டை நன்றாகவே எரியும், ஆனால் சூட்டைக் குறைக்க முடியாது. காஸ்தான் நல்லது. அடுப்புக்கு ஆற்றுக் கல் வைப்பதை விடுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் சூடேறினால் கல்லே வெடிக்கும்.

உடுப்பு: முழுக்கை பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, மூடின தோல் சப்பாத்து, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, காய்ந்த தோல் கையுறை. குளிருக்கு நாம் போடும் நைலோன் ஜக்கெட்டைக் கழற்றிவிடுங்கள், அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது அச்சு. எனக்கு அதிகம் தொல்லை தந்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எல்லோரும் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் அச்சைத்தான் சொல்கிறார்கள். இறுகின பிளாஸ்டரின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர். அதற்கு மேல் சும்மா ஊறியிருக்கும் ஈரமும் சேரும். மழைக்காலத்தில் அட்டனிலோ தலவாக்கலையிலோ அதை அலுமாரிக்கு மேலே எத்தனை நாள் வைத்தாலும் முழுக்கக் காயாது, தொட்டுப் பார்த்தால் காய்ந்தது மாதிரிதான் இருக்கும். ஈயத்தை ஊற்றியதும் அந்த ஈரம் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு பெருகும், வெளியே போக வழியில்லாவிட்டால் மேலே இருக்கும் ஈயத்தைத் தூக்கி எறியும். ஊற்றும் வாயில் குமிழ் எழும்பி, சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டுகள் சட்டைக்கையில் வந்து ஒட்டும்போதுதான் அது விளங்கும். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டரை நான் விட்டுவிட்டேன், நீங்களும் விடுங்கள்.

என் தெரிவு பழைய மரம். கழற்றிப் போட்ட கதவு நிலை, ஜன்னல் நிலை, வருஷக்கணக்காகக் காய்ந்தது. புது மரம் வேண்டாம். இரண்டு துண்டைச் சமமாகச் சீவி, சேர்த்து ஜி கிளாம்ப் போட்டு இறுக்கி, சேர்கிற கோட்டிலேயே துளை போடுங்கள், பாதி இதில் பாதி அதில் வரும். 10 மில்லிமீற்றர் துளை, 20 மில்லிமீற்றர் ஆழம் என்றால் குண்டு கிட்டத்தட்ட 18 கிராம் வரும். நம்ம நீர்த்தேக்கங்களுக்கு அது தாராளம். துளைக்குள் குப்பி லாம்புப் (மண்ணெண்ணெய் விளக்குப்) புகையைப் பிடித்துக் கரி படிய விடுங்கள், ஈயம் ஒட்டாமல் நன்றாக நிரம்பும். ஊற்றுவதற்கு முன் அச்சை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் புறங்கையில் சூடு தெரியும் வரை காய்ச்சுங்கள். மழை நாளில் செய்த அச்சு என்றால் இன்னும் கூட நேரம்.

வளையத்துக்கு, உறையை முழுக்க உரித்த செப்புக் கம்பி. யூ வடிவில் வளைத்து, கால் இரண்டையும் கொஞ்சம் விரித்துத் துளைக்குள் விட்டு, மேல் வளைவை அச்சின் வாயில் குறுக்கே வைத்த ஒரு ஆணியில் மாட்டிவிடுங்கள்.

ஈயத்தைக் குளிர்ந்த சட்டியில் போட்டே அடுப்பை மூட்டுங்கள். உருகினதும் மெழுகுதிரித் துண்டு ஒன்றைப் போட்டு, காய்ந்த குச்சியால் கிளறினால் அழுக்கு மேலே வரும் (புகையும், பற்றியும் எரியும், முகத்தைத் தள்ளி வையுங்கள்). அதை வழித்துத் தகரப் பேணியில் போட்டு மூடுங்கள், கரட், லீக்ஸ் பாத்திப் பக்கம் கொட்டிவிடாதீர்கள். மேற்பரப்பு வெள்ளியாக மின்னினால் சூடு சரி. வழித்த உடனேயே மஞ்சளும் நீலமும் ஓடினால் சூடு கூடிவிட்டது, குறையுங்கள், இல்லாவிட்டால் ஈய ஆவி கிளம்பும். பிறகு ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். முதல் சில குண்டுகள் சுருங்கி வரும், அச்சு சூடேறினதும் சரியாகிவிடும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

பின்னால் சேர்த்தது: மவுஸ்ஸாகலையில் தண்ணீர் இறங்கும்போது சேற்றில் பொறுக்கிய குண்டையும் பழைய வலை ஈயத்தையும் போடலாமா என்று கேட்டார்கள். போடலாம், ஆனால் உருகிக்கொண்டிருக்கும் சட்டியில் ஒருபோதும் வேண்டாம். வலை ஈயம் சுருட்டின குழாய், உள்ளே சேறும் தண்ணீரும் அடைபட்டிருக்கும். தட்டி விரித்து, கழுவிக் காயவைத்து, அடுத்த தடவை குளிர்ந்த சட்டியில் மூடி போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள்.

இன்னொன்று: கராஜில் வாங்கும் டயர் பெலன்ஸ் துண்டுகள் எல்லாம் ஈயமில்லை, துத்தநாகமும் இரும்பும் கலந்திருக்கும். குறட்டால் நறுக்கிப் பாருங்கள், ஈயம் சுலபமாக வெட்டுப்படும். துத்தநாகம் உருகுவது 420 பாகைக்குக் கிட்ட, சூட்டைக் குறைவாக வைத்திருந்தால் உருகாமல் மேலே மிதக்கும், எடுத்துவிடலாம். உருகிக் கலந்துவிட்டால் சட்டி முழுக்கக் கூழாகி அச்சில் இறங்காது. பழைய பற்றரியை உடைத்து ஈயம் எடுக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. அதற்குள் சல்பூரிக் அமிலம் இருக்கிறது, தகட்டு ஈயத்தோடு வேறு நச்சுப் பொருட்களும் கலந்திருக்கும். முழுப் பற்றரியைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்து, அந்தக் காசுக்குக் கூரைத் தகட்டு ஈயம் கேட்டு வாங்குங்கள்.