அமெரிக்காவில் விமானப் பயிற்றுநருக்கான பொறுப்புக் காப்பீடு

விமான உரிமையாளரின் பாலிசியில் ‘ஓப்பன் பைலட்’ (பெயர் குறிப்பிடாவிட்டாலும், சொன்ன தகுதியுள்ள எந்த விமானியும் ஓட்டலாம் என்ற விதி) தகுதி உங்களுக்கு இருந்தால், நீங்களும் காப்பீட்டுக்குள் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நீங்கள் ஓட்டினாலும் உரிமையாளருக்குப் பாதுகாப்பு குறையாது என்பதே அதன் பொருள். இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அந்தப் பணத்தை உங்களிடமே கேட்டு வழக்குப் போடலாம்.

அதனால் முதலில் பள்ளியிடமோ உரிமையாளரிடமோ காப்பீட்டுச் சான்றிதழைக் கேளுங்கள். கூடுதலாகக் காப்பீடு பெறுபவராக உங்கள் பெயர் இருக்கிறதா, உங்கள் மீது வழக்குப் போடும் உரிமையை நிறுவனம் விட்டுக்கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

பிறகு சொந்தப் பாலிசி. விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவருக்கான சாதாரண பாலிசி போதாது. பயிற்றுவிப்பதும் அதில் அடங்க வேண்டும். மாணவர் தனியே பறக்கும்போதோ, பயிற்சி முடிந்து சில மாதம் கழித்தோ விபத்து நேர்ந்து, ‘சரியாகக் கற்றுத்தரவில்லை’ என்று வழக்கு வந்தால் பாலிசி கைகொடுக்குமா? இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

காப்பீட்டுத் தொகை 10 லட்சம் டாலர் என்ற பெரிய எண்ணில் மயங்காதீர்கள். ‘பயணி ஒருவருக்கு 1 லட்சம்’ என்ற உள்வரம்பு இருந்தால், பக்கத்து இருக்கை மாணவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். விமானச் சேதத்துக்கான தொகை தனி. நீங்கள் பறக்கும் விமானத்தின் மதிப்பை ஒட்டி அதைத் தேர்ந்தெடுங்கள்.

மாணவர்களுக்கு அளித்த ஒப்புதல் பதிவுகளைச் சட்டப்படி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதற்கு மேலும் வையுங்கள். வழக்கில் உங்கள் முதல் சாட்சி அவைதான்.