பாண்டியர் கல்வெட்டுக்கு ஆண்டு கணிப்பது எப்படி? ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இடைக்கால வரலாறு, சமயம், இலக்கியம், கோயில் இசை என்று ஆய்வுக்குப் பதிவு செய்யும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது தலைப்பைப் பற்றித்தான். தலைப்பு கொஞ்ச நாள் பொறுக்கும். அதற்கு முன்னால் உங்கள் ஊர்ப்பக்கத்துக் கோயிலில் ஒரே ஒரு பாண்டியர் கல்வெட்டை எடுத்துக்கொண்டு, அது எந்த அரசனுடையது, எந்த ஆண்டு என்று நீங்களே கணித்துப் பாருங்கள். திருப்பதியம் பாடுவாருக்கு விட்ட நிலத்தைப் பற்றி எழுதினாலும் சரி, மடங்களைப் பற்றி எழுதினாலும் சரி, கல்வெட்டின் காலம் ஒரு நூற்றாண்டு தள்ளிப்போனால் உங்கள் வாதமே நிற்காது.

முதலில் பாடம், அதாவது கல்வெட்டின் வாசகம். தொல்லியல் துறையின் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையில் 14ஆம் தொகுதி பாண்டியர்களுக்கு உரியது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரக் கல்வெட்டுகள் அதில் நிறைய உண்டு. நெல்லையப்பர் கோயில் கல்வெட்டுகளுக்கு 5ஆம் தொகுதியைப் பாருங்கள். இரண்டும் இணையத்தில் படநகலாகக் கிடைக்கின்றன. சொற்களுக்கு எ. சுப்பராயலு தொகுத்த 'தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி' இரண்டு தொகுதிகளும் பக்கத்தில் இருக்க வேண்டும். பொது அகராதியை வைத்துக்கொண்டு கல்வெட்டுப் படிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கல்வெட்டில் 'இறை' என்று வந்தால் பெரும்பாலும் வரி, கடவுள் இல்லை.

அப்புறம் கல்லைப் போய்ப் பாருங்கள். அச்சில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். செயல் அலுவலரிடம் முறையாகக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பொடி, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தடவ வேண்டாம், அது கல்லுக்குக் கேடு. நல்ல டார்ச் ஒன்று போதும். அதைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகள் நிழல் விழுந்து எழும்பி வரும். செல்போன் ஃபிளாஷ் எழுத்தை அழித்துக் காட்டுகிறது, அதை நம்ப வேண்டாம். கல்வெட்டில் புள்ளி இருக்காது, எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது, காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சோழர் வருவதற்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு என்றால் வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறையில் இருக்கும், தொடக்கத்தில் அதற்குப் போக வேண்டாம்.

சரி, அரசன் யார்? இங்கே பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பாண்டியரில் மாறவர்மன், சடையவர்மன் என்று இரண்டே பட்டப்பெயர்தான், கல்லில் 'கோமாறபன்மர்', 'கோச்சடைபன்மர்' என்று இருக்கும். அதன் பின்னால் வரும் சுந்தரபாண்டியன், குலசேகரன், வீரபாண்டியன் எல்லாம் பல பேருக்குப் பொது. இவர்களில் பலர் ஒரே காலத்தில் ஆண்டும் இருக்கிறார்கள். உங்களுக்கு உதவப்போவது மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழ்ந்து வரும் பகுதி. 'பூமருவிய திருமடந்தையும்' என்று தொடங்கினால் 1216இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன். 'பூமலர்த் திருவும்' என்று தொடங்கினால் 1238இல் வந்த இரண்டாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன். மெய்க்கீர்த்தியே இல்லாமல் 'சோணாடு வழங்கியருளிய' என்று அடைமொழி மட்டும் இருந்தாலும் அது முதலாமவனைத்தான் குறிக்கும். தொடக்க வரி மட்டும் சிதைந்திருந்தால் சோர்ந்துபோகாதீர்கள், நடுவில் இருக்கும் ஒரு தொடர்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது ஆட்சியாண்டு. என்னை ரொம்ப நாள் நிறுத்தி வைத்த இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். சோழர் கல்வெட்டில் 'யாண்டு பத்தாவது' என்று நேராக இருக்கும். பாண்டியரில் 'யாண்டு இரண்டாவதின் எதிர் எட்டாவது' என்று வரும். இரண்டையும் கூட்ட வேண்டும், அதாவது பத்தாம் ஆட்சியாண்டு. சில கல்வெட்டுகளில் 'எதிர்' இரண்டு முறை வரும், அப்போது மூன்று எண்களையும் கூட்டுங்கள். கூட்டியதோடு வேலை முடியவில்லை. பத்தாவது என்றால் பத்து ஆண்டு நிறைந்ததாக அர்த்தம் இல்லை, பத்தாவது நடக்கிறது. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் என்றால் 1216உடன் பத்தைக் கூட்டாமல் ஒன்பதைக் கூட்ட வேண்டும். பட்டமேற்றது ஆண்டின் நடுவில் என்பதால் விடையும் 1225-26 என்று இரண்டு ஆண்டாகத்தான் வரும். இந்த இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் தேவை. அந்த நான்கையும் நம் பக்கத்துப் பாண்டியர் கல்வெட்டுகள் தாராளமாகவே தருகின்றன.

ஒரு வரியை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம்: 'தனு நாயற்றுப் பதினைந்தாந் தியதியும் பூர்வ பக்ஷத்து நவமியும் பெற்ற ரேவதி நாள்'. தனு நாயறு என்றால் மார்கழி. மேஷத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் சூரியன் 240 பாகையில் தனுசில் நுழைகிறது, ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது. பதினைந்தாம் தேதி என்றால் சுமார் 255இல் இருக்கும். ஒரு திதி 12 பாகை. வளர்பிறை நவமியின் நடுவில் சந்திரன் சூரியனை விட்டு 102 பாகை முன்னால் இருக்கும், ஆக 357. ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை). 357ஐ அதால் வகுத்தால் 26 போய் மிச்சம் வருகிறது, எனவே இருபத்தேழாவது நட்சத்திரம், அதாவது ரேவதி. கல்லில் உள்ளதும் ரேவதி. பாடம் சரி.

இதே இடத்தில் 'பூர்வ' என்பதை யாராவது 'அபர', அதாவது தேய்பிறை, என்று வாசித்திருந்தால்? 180 கூடும், சந்திரன் 177 பாகைக்குப் போய்விடும், நட்சத்திரம் சித்திரையாக வந்திருக்கும். ரேவதியும் அபர பட்ச நவமியும் மார்கழிப் பாதியில் சேரவே சேராது. எந்த ஆண்டென்று தெரியாமலே, வெறும் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு வாசிப்புப் பிழையைப் பிடித்துவிடலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தத் தேதியையும் மேற்கோள் காட்டாதீர்கள். அச்சான தொகுதியில் பிழை பட்டாலும் உடனே திருத்திவிடாதீர்கள், திரும்பக் கோயிலுக்குப் போய்க் கல்லைப் பாருங்கள். வெட்டியவரே தவறி வெட்டியிருக்கும் இடங்களும் உண்டு.

இதற்குப் பிறகுதான் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணை. உங்கள் கணக்கில் வந்த இரண்டு ஆண்டுகளிலும் அந்தத் திதியும் கிழமையும் எந்த ஆண்டில் கூடுகிறது என்று பாருங்கள். இரண்டிலும் கூடவில்லை என்றால் ஒன்று அரசன் வேறு, அல்லது 'எதிர்' எண்ணில் ஒன்று பொரிந்து போயிருக்கிறது. பாண்டியர் காலவரிசையை இந்த வழியில்தான் கீல்ஹார்னும், பிறகு கும்பகோணம் ந. சேதுராமனும் கட்டி எழுப்பினார்கள். கணினி நிரல்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் சில கல்வெட்டுகளுக்குக் கையால் கணக்குப் போடுங்கள், அப்போதுதான் நிரல் ஏதாவது விடை சொன்னால் அது நம்பத் தக்கதா என்று உங்களுக்குத் தெரியும்.

பின்சேர்க்கை 1: நிரலில் போட்டால் ஏழு நாள் வித்தியாசம் வருகிறது என்று கருத்துப் பகுதியில் சிலர் எழுதியிருந்தீர்கள். அது ஜூலியன், கிரிகோரியன் நாள்காட்டிகளின் வேறுபாடு. 13ஆம் நூற்றாண்டில் அது சரியாக 7 நாள். ஆய்வு நூல்கள் எல்லாம் ஜூலியன் தேதியைத்தான் தருகின்றன, நீங்களும் அதையே எழுதுங்கள். கிழமை இரண்டிலும் ஒன்றுதான். அந்தக் காலத்தில் மார்கழி பிறப்பது நவம்பர் கடைசியில், இன்றைய டிசம்பர் நடுவை மனதில் வைத்துத் தேடினால் கிடைக்காது.

பின்சேர்க்கை 2: தென்காசிப் பாண்டியர் கல்வெட்டு வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். பராக்கிரம பாண்டியன் காலத்திலிருந்து சக ஆண்டு கொடுக்கும் வழக்கம் நிறைய, கி.பி. ஆண்டு கிடைக்க அதனுடன் 78ஐக் கூட்டுங்கள், தை தொடங்கிப் பங்குனி வரை என்றால் 79. கொல்லம் ஆண்டு இருந்தால் ஆவணியிலிருந்து மார்கழி வரை 824, அதற்குப் பிறகு 825. நம் பக்கம் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது, வட கேரளத்தில் கன்னியில், அதாவது புரட்டாசியில். அங்கிருந்து வந்த ஆவணத்தோடு நம் கல்வெட்டை ஒப்பிடுபவர்கள் ஆவணி மாதத் தேதிகளைத் தனியாக ஒருமுறை சரிபாருங்கள்.