பேட்டரி கேபிளில் லக் கிரிம்ப் செய்வது எப்படி?

எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பக்கமிருந்து ஒரு நாள் ராத்திரி கருகல் வாடை வந்தது. போய்ப் பார்த்தால், பேட்டரியின் பாசிட்டிவ் லக்கை (கேபிள் நுனியில் மாட்டும், ஒரு பக்கம் குழாயும் மறுபக்கம் போல்ட் துளையுள்ள தட்டை முனையும் கொண்ட உலோகத் துண்டு) ஒட்டி இன்சுலேஷன் இளகிப் பழுப்பேறியிருந்தது. லோடை நிறுத்திக் கழற்றி லேசாக இழுத்தேன். லக் தனியாக, கேபிள் தனியாக வந்துவிட்டது. லக்கின் முதுகில் உளித் தடம். லக்கின் குழாயைக் கேபிளோடு சேர்த்து டூலால் அழுத்தி இறுக்குவதுதான் கிரிம்ப். பொருத்தியவர் அதைச் செய்யாமல் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி வேலையை முடித்திருக்கிறார்.

12 வோல்ட் பேட்டரியில் 1000 வாட் லோடு ஓடினால் கேபிளில் ஏறக்குறைய 100 ஆம்பியர் போகும். லக் பிடிப்பில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தால்கூட 10 வாட் சூடு அந்தச் சின்னக் குழாய்க்குள்ளேயே அடைபடும். சூட்டில் செம்பு கருக்கும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும்.

லக் வாங்கும்போது

லக்கின் மேல் 35-8 என்பதுபோல் பொறித்திருக்கும். 35 ஸ்கொயர் எம்.எம். கேபிளுக்கு, 8 மி.மீ. போல்ட்டுக்கு என்று பொருள். இரண்டும் பொருந்த வேண்டும். பேட்டரிக்குப் போடும் ஃப்ளெக்ஸிபிள் கேபிளில் இழைகள் மெல்லியவை. அதே அளவிலும் கட்டு சற்றுப் பருமனாக இருப்பதால் சில லக்குகளில் நுழையாது. நாலைந்து இழைகளை நறுக்கிவிட்டு நுழைப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஃப்ளெக்ஸிபிளுக்கான வாய் அகன்ற லக் கேட்டு வாங்குங்கள்.

செம்புக் கேபிளுக்குச் செம்பு லக்தான். அலுமினியம் வேறு கதை: காற்றுப் பட்டதுமே அதன் மேல் ஆக்சைடு படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி பிரஷால் தேய்த்து, உடனே ஜாயின்டிங் காம்பவுண்டு (ஆக்சைடு மறுபடி படியாமல் தடுக்கும் பசை) பூச வேண்டும். அலுமினியக் கேபிளைச் செம்பு பஸ்பாரில் (பல இணைப்புகளை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டுவதென்றால், அலுமினியமும் செம்பும் சேர்ந்த பைமெட்டாலிக் லக் வேண்டும்.

எந்த டூல்?

சின்ன வயர்களுக்கான கைக் கிரிம்பரால் 35 ஸ்கொயர் எம்.எம். லக்கை அழுத்தவே முடியாது. நீளக் கைப்பிடி வைத்த டூல் ஒன்று உண்டு. இரண்டு கையாலும் பலம் போட வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு நான் சொல்வது கை ஹைட்ராலிக் டூல். 4 முதல் 70 ஸ்கொயர் எம்.எம். வரைக்குமான டைகளோடு (லக்கை அழுத்தும் அச்சுகள்) சின்ன செட்டாகவே கிடைக்கிறது; வீட்டு இன்வெர்ட்டர், சோலார் வேலைக்கு அது போதும். ஒரு பக்கம் குழி விழ அழுத்தும் டூலைவிட, அறுகோணமாக அழுத்தும் டையே மெல்லிய இழைகளுக்கு நல்லது. எல்லாப் பக்கமும் சமமாக நெருக்கும். ஒரே ஒரு கேபிள்தான் என்றால் டூல் வாங்காமல் கடையில் கொடுத்தே போட்டுக்கொள்ளலாம்.

செய்முறை

முதலில் இன்வெர்ட்டரை அணைத்து, மெயின் சப்ளையையும் நிறுத்துங்கள். பேட்டரியில் நெகட்டிவைக் கழற்றிவிட்டு அப்புறம் பாசிட்டிவ். ஸ்பேனர் பிடியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

லக்கின் குழாய் ஆழத்தை அளந்து, அதைவிட இரண்டு மி.மீ. கூடுதலாக இன்சுலேஷனைச் சீவுங்கள். கத்தி செம்பில் படக் கூடாது. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) இப்போதே கேபிளில் ஏற்றிவிடுங்கள். இழைகளை அவற்றின் முறுக்கு வாக்கிலேயே சேர்த்துக் கடைசிவரை நுழையுங்கள். லக்கில் பார்வைத் துளை இருந்தால் செம்பு அதில் தெரிய வேண்டும்.

35 ஸ்கொயர் எம்.எம். லக் என்றால் 35 எண் போட்ட டை ஜோடியை மாட்டி, முதல் அழுத்தத்தைக் குழாயில் தட்டை முனைப் பக்கம் போடுங்கள். டைகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டும்வரை பம்ப் செய்யுங்கள். வால்வைத் திறந்து, கேபிள் பக்கமாக நகர்த்தி அடுத்தது. அழுத்தும்போது உலோகம் நீளும். இந்த வரிசையில் போனால் அது கேபிள் பக்கம் போக வழி இருக்கும். ஓரத்தில் மீசைபோல் பிதுங்கினால் டை சிறிது, அல்லது லக் பெரிது. கேபிளை இழுத்தால் கழன்று வந்தாலோ சுழன்றாலோ டை பெரிது.

முதல் லக்கை மட்டும் வீணாக்கச் சொல்வேன். மிச்சக் கேபிள் துண்டில் அழுத்தி, அழுத்திய இடத்தை ஹேக்சா பிளேடால் குறுக்கே அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துப் பாருங்கள். உருண்டை உருண்டையான இழைகள் நசுங்கி, தேனடைபோல் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் உங்கள் லக், டை, கேபிள் மூன்றும் பொருந்திவிட்டன. எங்கள் வீட்டில் கழன்றுவந்த லக்கையும் அப்படி அறுத்தேன். ஒரு பக்கம் செம்பு நசுங்கி, மறுபக்கம் தீக்குச்சி நுழையும் அளவுக்குப் பொந்து; உட்சுவர் முழுக்கக் கரி.

சரியாக வந்ததும் ஸ்லீவைச் சூடாக்கி இறுக்குங்கள். பேட்டரி முனையில் லக் நேராக உட்காரட்டும், வாஷர் அதற்கு மேல்தான். இடையில் வாஷர் வரக் கூடாது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். அரை மணி நேரம் லோடு ஓட்டி, நிறுத்தி, தொட்டுப் பாருங்கள். கேபிளைவிட லக் சூடாக இருந்தால் வெட்டிவிட்டுப் புது லக் போடுங்கள்; பழையதையே மறுபடி அழுத்தாதீர்கள்.