புது ரிவோல்வரைக் கையில் வாங்கினால் ஒரு ஃபிட்டர் எங்கெல்லாம் பார்ப்பான்

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். ரோலர், ட்ரையர், சல்லடை, இவற்றோடுதான் காலம் போகிறது. போன வருஷம் மச்சான் மகளின் சடங்குக்கு டெக்சஸ் போயிருந்தேன். விருந்தெல்லாம் முடிந்த மறுநாள் அவன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்து, "மச்சான், நீ மெஷின்காரன், இது நல்ல சாமானா பார்த்துச் சொல்லு" என்றான். திறந்தால் உள்ளே ஒரு பெரிய ரிவோல்வர், நாற்பத்து நாலு மேக்னம் என்ற பலமான தோட்டாவுக்கானது, பழைய மாடல் மாதிரியே கருநீலப் பளபளப்பும் வால்நட் மரப் பிடியுமாக, ஆனால் புத்தம் புதிது.

நம் மலையில் துவக்கு என்றால் காட்டுப்பன்றிக்குப் பயந்து மரக்கறித் தோட்டக்காரர் லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் பன்னிரண்டு போர் நீளத் துவக்குதான். ரிவோல்வர் என்பது வெள்ளைக்காரத் துரை இடுப்பில் தொங்கியதாகத் தாத்தா சொன்ன கதையில்தான் வரும். 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், கைத்துப்பாக்கிக்கு அனுமதி கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு. அதனால் இங்கிருந்து வாசிப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். வெளிநாட்டில் சட்டப்படி வாங்குகிற நம் சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டதால் எழுதுகிறேன்.

பழைய பாணி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்மித் அண்ட் வெஸன் 1908இல் பெரிய பிரேமில் (எல்லாம் பொருந்தும் உடல்சட்டம்) ரிவோல்வர் செய்ய ஆரம்பித்தது, 1955இல் அதே பெரிய பிரேமில் நாற்பத்து நாலு மேக்னம் வந்தது. ரூகரின் ரெட்ஹோக் 1979, கோல்ட்டின் அனகொண்டா 1990. அனகொண்டா இடையில் நின்றுபோய் 2021இல் திரும்பவும் வந்தது. மச்சான் வாங்கியது எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லப்போவதில்லை, கீழே ஒரு புகார் வருகிறது. வெளி உருவம் பழசாக இருந்தாலும் இப்போது செய்கிற பலவற்றில் உள் சாமான் வேறு. குதிரையும் (தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தி) விசையும் முன்பு அடித்து, அராவி, ஆள் கையால் பொருத்தியது. இப்போது உலோகத் தூளை அச்சில் அழுத்திச் சூட்டில் இறுக்கி எடுக்கிறார்கள். பழைய ஆட்கள் இதற்காகப் புலம்புவார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, ஒவ்வொன்றும் ஒரே அளவில் வருகிறதென்றால் நல்லதுதானே. ஆனால் கையால் பொருத்திய காலத்தில் கடைசியாக ஒருவன் உட்கார்ந்து சரிபார்த்தான், அந்த ஆள் இப்போது நீங்கள்தான்.

முதல் வேலை சிலிண்டரை, அதாவது தோட்டா போடும் சுழல் உருளையை, திறந்து ஆறு அறையும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்ப்பது. பக்கத்தில் இருப்பவரிடமும் காட்டுங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். குழல்வாய் ஆள் இல்லாத பக்கம், கடைசிவரை அந்தப் பக்கமே. கடைக்காரன் காலி என்று சொன்னான் என்பதெல்லாம் பேச்சில்லை.

அப்புறம் பளபளப்பில் மயங்காமல் பின்னால் இருந்து குழல் முனையிலுள்ள முன்குறியைப் பாருங்கள். குழலை பிரேமுக்குள் மரை போட்டு இறுக்குகிறார்கள் அல்லவா, ஒரு மயிரிழை கூடத் திரும்பினாலும் முன்குறி சாய்ந்து நிற்கும். மச்சானுடையது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நான் பிரேமின் மேல்முகத்தில் ஒரு ஸ்கேலை வைத்துக் காட்டிய பிறகுதான் முகம் மாறியது. பின்குறியைத் திருகி ஓரளவு சமாளிக்கலாம்தான், ஆனாலும் இவ்வளவு காசு கொடுத்த சாமானில் எதற்குச் சமாளிப்பு? திருப்பி அனுப்பினான், ஐந்து வாரம் கழித்து நேராக்கி வந்தது.

உண்மையான சோதனை சிலிண்டரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவை குதிரையை இழுக்கும்போதும் சிலிண்டர் ஆறில் ஒரு பங்கு சுற்றி, குழலுக்கு நேரே வந்து, பூட்டிக்கொள்ள வேண்டும். அறைகளுக்குப் பென்சிலால் 1 முதல் 6 வரை குறியிடுங்கள். இடது கை விரலைச் சிலிண்டரின் மேல் லேசாக வைத்துக் கொஞ்சம் தடை கொடுத்தபடி, வலது கட்டைவிரலால் குதிரையை மெதுவாக, ரொம்ப மெதுவாக இழுங்கள். குதிரை கடைசிப் படியில் நிற்பதற்கு முன்பே கீழேயுள்ள பூட்டு பள்ளத்தில் விழும் 'டக்' சத்தம் கேட்க வேண்டும். குதிரை நின்ற பிறகும் சிலிண்டரைக் கையால் இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் பூட்ட முடிகிறதென்றால் டைமிங் பிந்துகிறது. ஆறில் ஒன்று பிந்தினாலும் அது பிழைதான். அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகவும் வேண்டாம். காலி அறையில் சில ரிவோல்வர்கள் சற்றுப் பிந்தும், போலித் தோட்டா போட்டதும் சரியாகிவிடும், ஏனென்றால் சுட்ட கோதுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் ஆட்டம் அப்போதுதான் அடங்கும். ஆகவே ஆறு போலித் தோட்டா வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விசையைச் சும்மா இழுத்துப் பழகவும் அதுவே உதவும்.

அடுத்தது இடைவெளி. சிலிண்டரின் முகத்துக்கும் குழலின் பின்வாய்க்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். அங்கே பீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டைப் போடுங்கள் (நான் அங்கே வாகன உதிரிப்பாகக் கடையில் ஒன்று வாங்கினேன், இப்போது ஸ்டோரில் அதைத்தான் பாவிக்கிறேன்). ஒரு இஞ்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கை எங்கள் வேர்க்ஷொப்பில் தௌ என்போம். 4 முதல் 8 தௌ வரை இருந்தால் சந்தோஷம். 10ஐத் தாண்டினால் கேள்வி கேளுங்கள். 3க்குக் கீழே போனாலும் நல்லதல்ல, சூடேறிக் கரி படிந்ததும் சிலிண்டர் சுற்றாமல் இறுகிவிடும். சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்து ஒரு தடவை, முன்னால் தள்ளிப் பிடித்து ஒரு தடவை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பின் ஆட்டம், ரோலர் ஷாப்ட்டில் நாங்கள் பார்க்கிற அதே எண்ட் ப்ளே. மச்சானுடையதில் 7ம் 6ம் வந்தது, அதாவது ஒரே தௌ ஆட்டம். அந்த விஷயத்தில் செய்தவன் கைக்கு ஒரு கும்பிடு. பக்கவாட்டில் இலேசாக ஆடுகிறதே என்று பயப்பட வேண்டாம், குழலின் பின்வாய் புனல் மாதிரி விரிந்திருப்பதால் ரவை, அதாவது தோட்டாவிலிருந்து பறக்கும் குண்டு, தானே நேராகிக்கொள்ளும். அந்தப் புனலில் பிசிறு இருக்கிறதா என்று வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, குழல்வாய் வழியாகப் பாருங்கள். சிலிண்டர் திறந்திருக்கும்போது மட்டும்.

விசையை எடைபோட மீன் தராசு போதும். குதிரையை முன்பே இழுத்து வைத்த நிலையில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ, விசையை மட்டுமே இழுப்பதென்றால் ஐந்து கிலோ பக்கம். (தராசை நம்புவது பற்றித் தோட்டத்து ஆட்களிடம் கேட்டால் கொழுந்து நிறுக்கிற கதையில் போய் நிற்கும், அது வேறு.) குதிரையை இழுத்து நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து கட்டைவிரலால் ஓரளவு அழுத்துங்கள். விழுந்தால் அந்தச் சாமான் ஆபத்தானது, அதே நாளில் திருப்பிக் கொடுங்கள்.

படத்தில் வருவதுபோல மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடுகிறவனைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். சிலிண்டரைத் தாங்கும் கைக்குக் கிரேன் என்று பேர், அது வளைந்தால் நாம் அளந்த தௌ எல்லாம் வீண்.

சுடும் இடத்துக்குப் போனால் முதலில் நாற்பத்து நாலு ஸ்பெஷல் தோட்டாவில் ஆரம்பியுங்கள். மேக்னத்தைவிடக் குட்டையானது, உதை குறைவு, மேக்னம் அறையில் தாராளமாகப் போகும். மேக்னத்தில் வழக்கமான ரவை 240 கிரெய்ன், கிட்டத்தட்ட பதினைந்தரை கிராம். ரிவோல்வர் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கனமாக இருந்தும் என் உள்ளங்கை இரண்டு நாள் சிவந்துபோய்க் கிடந்தது. காதுக்கும் கண்ணுக்கும் மூடி இல்லாமல் ஒரு தடவைகூடச் சுடக்கூடாது. இடது கை விரல் அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் போகவே கூடாது, அங்கிருந்து பீறும் நெருப்புக் காற்று சதையைக் கிழிக்கும்.

ஐம்பது சுட்டதும் நிறுத்தி, திருகாணிகளைப் பாருங்கள். சிலிண்டருக்கு நடுவில் போகும் தள்ளுகம்பி கழன்று முன்னால் வந்தால் சிலிண்டர் திறக்கவே திறக்காது, உள்ளே தோட்டாவோடு மாட்டிக்கொண்டால் பெரிய தலையிடி. சில மாடல்களில் அதற்கு இடக்கை மரை, இது தெரியாமல் வலப்பக்கம் திருகினால் இன்னும் கழலும். வாய் சரியாகப் பொருந்தாத திருப்புளியை ஆணியில் வைக்காதீர்கள்.

துரு பற்றி மலைநாட்டுக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஸ்ட் இறங்குகிற இடத்தில் கருநீலம் பூசிய இரும்பு ஒரு வாரத்தில் செம்புள்ளி காட்டும். தோல் உறைக்குள்ளேயே போட்டு வைத்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மச்சான் இருக்கும் ஊர் காய்ந்த ஊர்தான், ஆனாலும் கைவேர்வை இருக்கிறதே. எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில். இப்போதும் அவன் வட்ஸ்அப்பில் எடுத்தால் மழை வெயில் விசாரிப்பதற்கு முன்னால் நான் கேட்பது, "தள்ளுகம்பியைப் பார்த்தியாடா?"