கயாக் துடுப்பு: பெரிய பிளேடு வாங்கினால் வேகம் வந்துவிடாது

குமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் முதன்முதலாகக் கயாக் என்ற குறுகலான சிறு படகில் உட்கார்ந்த அன்று, அரை மணி நேரம் துடுப்பைத் திருப்பிப் பிடித்தே வலித்தேன். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர்தான் கண்டுபிடித்தார். "மக்களே, கரண்டிக்க பொறத்த வச்சா கஞ்சி கோருத?"

விஷயம் அவ்வளவுதான். கயாக் துடுப்பின் இரு முனையிலும் இருக்கும் தட்டையான பகுதிதான் பிளேடு; அது கரண்டி மாதிரி லேசாகக் குழிந்திருக்கும். குழிந்த முகம் நம்மைப் பார்க்க வேண்டும். புறத்தால் வலித்தால் தண்ணீர் வழுக்கிப் போய்விடும்.

எளிதில் கண்ணில் படாத இன்னொரு தவறு, மேல்கீழ் மாறிப்போவது. பெரும்பாலான பிளேடுகளில் ஒரு விளிம்பு நீளம், மற்றது குட்டை. நீளமானது மேலே இருக்க வேண்டும். துடுப்பு தண்ணீரில் சாய்ந்துதான் இறங்குகிறது, கீழ்விளிம்பு முந்திக்கொள்கிறது. அதைக் குட்டையாக்கியிருப்பதால் கம்பின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவு பரப்பு தண்ணீரைப் பிடிக்கும். மாற்றிப் பிடித்தால் ஒரு பக்கம் இழுத்து, கம்பு கைக்குள் முறுக்கும். பிளேடில் எழுத்து இருந்தால் பாருங்கள். பெரும்பாலும் அது நேராகத் தெரிந்தால் பிடி சரி.

பணம் வீணாவது அளவில்தான். 'பெரிய பிளேடு, நிறைய தண்ணீர், நிறைய வேகம்' என்று நானும் வாங்கினேன். முதல் பத்து நிமிடம் படகு பறந்தது. அலையாத்தி மரங்களைச் சுற்றித் திரும்புவதற்குள் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஏற்றத்தில் பெரிய கியர் போட்டு சைக்கிள் மிதிப்பது மாதிரி. நெடுந்தூரம் நிதானமாகப் போகிறவருக்குச் சின்ன பிளேடே நல்லது.

அப்புறம், துடுப்பு வலிக்கும் விதம். அகலமான குட்டை பிளேடு, கம்பைச் செங்குத்தாகப் பிடித்துப் படகை ஒட்டி வலிப்பவருக்கு. கையைத் தாழ்த்திச் சாய்வாக வலிப்பவருக்கு நீண்ட ஒடுக்கமான பிளேடு. கிரீன்லாந்து இனுயிட் மக்களின் துடுப்பு வெறும் பட்டை மாதிரிதான் இருக்கும்; அதை வைத்தே கடலில் வேட்டையாடினார்கள். பந்தயக்காரர்களின் இறக்கை வடிவத் துடுப்பு 1980களில் வந்தது. படகை விட்டு வெளிப்புறமாக வலித்தால்தான் அது வேலை செய்யும். காயலில் கொக்கு பார்க்கப் போகிறவருக்கு எதற்கு?

பிளேடு தண்ணீருக்குள் படபடத்தால் பலரும் பிடியை இறுக்குகிறார்கள். வீண், மணிக்கட்டுதான் வலிக்கும். குழிந்த முகத்தின் நடுவே முதுகெலும்பு மாதிரி மேடு உள்ள பிளேடை எடுங்கள். தண்ணீர் இருபுறமும் சமமாகப் பிரிந்து ஓடும்.

ஆடி மாதத்தில் நம்மூர்க் காற்றைச் சொல்லவே வேண்டாம், முப்பந்தல் காற்றாலைகளைக் கேளுங்கள். இரண்டு பிளேடுகளையும் ஒன்றுக்கொன்று வேறு கோணத்தில் திருப்பி வைக்கும் வசதி உள்ள துடுப்பானால், மேலே நிற்கும் பிளேடு எதிர்க்காற்றை விளிம்பால் கிழித்துப் போகும். பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு இந்த லாபம் கிடையாது.