கறுப்புப் பட்டையின் மேல்பக்கம்: பிளவுப் படுகை படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியிலிருந்து என்னோடு பாறை படிக்கக் களத்துக்கு வரும் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால் என் பழைய நோட்டையே பார்ப்பதுபோல் இருக்கிறது. சுத்தியலை மறந்து வருவது, திசைகாட்டிக்குப் பக்கத்தில் இரும்பை வைப்பது எல்லாம் இரண்டு நாளில் தானே சரியாகிவிடும். அதை விடுங்கள். தானே சரியாகாத தவறுகள் இவை.

பாலாறு வேறு, பாலாற்றுப் படுகை வேறு

பிளவுப் படுகை என்பது நிலம் இழுபட்டு முறிந்து இறங்கி, படிவு நிரம்பிய பள்ளம். பெயரை நம்பி வேலூர் ஆற்று மணலில் அதைத் தேடாதீர்கள். இங்கே காலடியில் இருப்பது சார்னோக்கைட், நைஸ் என்ற கெட்டியான ஆதிப் பாறைகள். சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. அண்டார்டிகாவைவிட்டு இந்தியா விலகியபோது இறங்கிய பாலாற்றுப் படுகை கிழக்கே, ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு பக்கம்.

லாவாவா, ஊடுருவலா?

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டும் தவறு. படிவுப் பாறைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு கிடைப்பட்டை தெரிந்தால் உடனே 'லாவா ஓட்டம்' என்று எழுதிவிடுகிறார்கள். நானும் எழுதினேன். மேற்கு வங்கத்து ராணிகஞ்ச் நிலக்கரி வயலில், பட்டைக்குக் கீழே இருந்த மணற்கல் வெந்து இறுகியிருந்ததைப் பார்த்தேன். மேலே ஏற முள்செடி, ஏறவில்லை. நிலக்கரி படிந்த பெர்மியன் காலத்திலேயே அந்தப் படுகையில் எரிமலை வெடித்ததாக ஓர் அத்தியாயமே எழுதி முடித்தேன். படித்துப் பார்த்த பேராசிரியர் ஒரே கேள்வி கேட்டார்: "மேல ஏறிப் பாத்தியா, தம்பி?"

மறுபடி ரயில் ஏறிப் போய்ப் பார்த்தேன். பட்டைக்கு மேலே இருந்த நிலக்கரியும் வெந்து, அந்த ஊர்க்காரர்கள் 'ஜாமா' என்று சொல்லும் கல்கரியாகக் கிடந்தது. வழிந்து ஆறிய லாவா, தன்மேல் பிறகு படியப்போகும் அடுக்கைச் சுட முடியாது. அது அடுக்குகளுக்கு இடையே புகுந்த 'சில்'. அந்த வயலின் நிலக்கரிக்கு வயது 25 கோடி ஆண்டுக்கும் மேல்; அதில் புகுந்த லாம்ப்ரோஃபயர் என்ற கருநிறப் பாறைச் சில்களுக்குச் சுமார் 11 கோடிதான். ஓராண்டு உழைப்பு குப்பைக்குப் போனது.

லாவா என்றால் மேல்பரப்பில் குமிழித் துளைகள் நெருக்கமாக இருக்கும், சில இடங்களில் சிவந்த மண் படலமும் இருக்கும். மேலே உள்ள மணற்கல்லில் அந்த லாவாவின் துண்டுகளே கிடக்கலாம். சில் என்றால் இரண்டு விளிம்பிலும் மணி (பாறையின் படிகத் துகள்) நுண்ணியதாகி, இரண்டு பக்கமும் சுட்ட தடம் இருக்கும். வயது பார்க்கக் கல் அனுப்புமுன் இதை முடிவு செய்யுங்கள். லாவாவின் வயது படிவின் வயதைச் சொல்லும். சில்லின் வயதோ 'படிவு இதைவிடப் பழையது' என்று மட்டும் சொல்லும்.

இருபுறமும் ஒரே ஆழம்

பல பிளவுப் படுகைகள் ஒருபக்கம் மட்டும் முறிந்து சாய்ந்தவை. பெரிய உருண்டைக் கற்கள் எந்தப் பக்கம் குவிந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள்; முறிவு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

தலையணை லாவா என்றால் கடல்

நீருக்குள் தலையணைபோல் உருண்டு உறையும் இந்த லாவா ஏரியிலும் உருவாகும்.

சாய்வைத் திருத்தாமல் பழைய நீரோட்டத் திசை

வேண்டாம். படிந்தபின் சாய்ந்த அடுக்கைக் கணக்கில் நிமிர்த்திய பிறகே திசையை எழுதுங்கள்.

போன வாரம் ஊருக்குப் பக்கத்துக் கல்குவாரியில் நைஸை வெட்டிச் செல்லும் டோலரைட் டைக்கை, அதாவது பிளவில் ஏறி உறைந்த கறுப்புக் கல் சுவரைக் காட்டினேன். விளிம்பில் கண்ணுக்கே தெரியாத மணி. நடுவில் வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் கனிமக் குச்சிகள் தனித்தனியாகத் தெரிகின்றன. விளிம்பு ஆறிய கதையை இங்கே படித்துக்கொள்ளலாம். ஆனால் டைக் செங்குத்தாக நிற்பது, அதில் மேல்பக்கம் பார்த்துப் பழக முடியாது. அதற்காக இன்னொரு நாள் வேறோர் இடத்துக்குக் கூட்டிப்போனபோது, ஒரு பெண் நோட்டில் எழுதியிருந்தாள்: 'மேல் தொடுகை: புதர். பார்க்க முடியவில்லை.' அந்த வரிக்கு மட்டும் டிக் போட்டேன்.